ரோஸ்லின் வயிற்றுக்குக் கோதுமை போன வழி

போன வாரம் அடையாறில் ஒரு பெரிய கடையில் பொன்னி அரிசிப் பை ஒன்றைத் தூக்கித் தள்ளுவண்டியில் வைத்தேன். பையின் நெற்றியில் பச்சை எழுத்தில் 'குளூட்டன் இல்லாதது' என்று போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அரிசி அடுக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டிய அளவுக்குச் சிரிப்பு. அரிசியில் குளூட்டன் எந்தக் காலத்தில் இருந்தது? வாழைப்பழத்தின் மேல் 'முள் இல்லாதது' என்று சீட்டு ஒட்டி விற்பது மாதிரி இருந்தது எனக்கு.

கூட வந்திருந்த நித்யா பயந்துவிட்டாள். நித்யா ஒரு காலத்தில் எனக்கு ஜூனியர். இப்போது நான் வேலை பார்த்த மயிலாப்பூர் மருத்துவமனையின் உணவியல் பிரிவுக்கே அவள்தான் பொறுப்பு. விஷயத்தைச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டு, "லேபிள் இல்லாத காலத்துல நீங்கள்லாம் இதை எப்படிக் கண்டுபிடிச்சீங்கன்னு எங்க ஜூனியர் பொண்ணுங்களுக்கு எழுதிக் குடுங்க மேடம்" என்றாள். ரிட்டயர் ஆன ஒருத்தியிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை. கேட்டுவிட்டாள், எழுதுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் சாந்தோமைச் சுற்றித்தான். மனையியல் படித்தேன். ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் கஞ்சி வாளிக்கும் உப்பில்லாத சாம்பாருக்கும் நடுவே பயிற்சி முடித்தேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எதைப் பார்த்தாலும் எத்தனை கலோரி என்று மனம் கணக்குப் போட்டது, அவ்வளவுதான். நான் உண்மையில் வேலை கற்றுக்கொண்டது குடல் நோய் மருத்துவர் சேஷாத்ரியின் அறையில்.

டாக்டர் சேஷாத்ரி நல்ல சாப்பாட்டு ரசிகர். சுத்த சைவம். புது நோயாளி வந்து உட்கார்ந்ததும் வயிற்றைத் தொட மாட்டார், ரிப்போர்ட்டைத் திறக்க மாட்டார். பேனாவை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "நேத்து கார்த்தால எழுந்ததுலேர்ந்து என்னென்ன சாப்ட்டேள்? வரிசையா சொல்லுங்கோ. நான் திட்ட மாட்டேன்" என்பார். பிறகு குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டார். நோயாளிகள் தயங்கித் தயங்கி ஆரம்பிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் சூடுபிடித்து, பொங்கலுக்கு முந்திரி வறுத்தது வரைக்கும் வந்துவிடுவார்கள். கேட்கக் கேட்க டாக்டருக்குப் பசி வந்துவிடும். வாயில் ஊறும் எச்சிலை அவர் விழுங்குவது எனக்குத் தெரியும். ஒரு வயிற்றுப்போக்குக்காரர் கத்தரிக்காய் ரசவாங்கியை வர்ணித்து முடித்ததும் டாக்டர் எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் மருந்து எழுதினார். சிரிக்காமல் அந்த அறையில் உட்கார்ந்திருப்பதே எனக்குப் பெரிய பயிற்சியாக இருந்தது.

குளூட்டன் என்பது கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் ஒரு புரதம். பரோட்டா மாவு பிய்ந்து போகாமல் வேட்டி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பது அதுதான். சிலருடைய உடம்பு அதை எதிரியாக நினைத்துச் சண்டைக்குப் போகும். சண்டை நடக்கும் இடம் சிறுகுடல் என்பதால் அடி வாங்குவதும் அதுதான். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் சென்னையில் யாருக்கு எது வந்தாலும் முதல் வைத்தியம் சப்பாத்தி. சர்க்கரையா, சப்பாத்தி. தொப்பையா, சப்பாத்தி. மூட்டு வலிக்குக்கூட ராத்திரியில் சோற்றை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவரிடம், "சப்பாத்தியை விடுங்க, சோறு சாப்பிடுங்க" என்று சொன்னால் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

மாட வீதிப் பக்கத்திலிருந்து ஒரு மாமி வருவார். அவருக்கு இந்த நோய்தான் என்று ஏற்கெனவே உறுதியாகியிருந்தது. கோதுமையை அடியோடு நிறுத்தியும் வயிறு அடங்கவில்லை. "எங்காத்துல ரவை டப்பாவைக்கூட அலம்பிக் கவுத்தாச்சு டாக்டர். வெறும் ரசஞ்சாதம், மோருஞ்சாதம்" என்றார். டாக்டர் வழக்கம்போல வரிசையாகச் சொல்லச் சொன்னார். மாமி ரசத்துக்கு வந்தார். புளி கரைத்தது, தக்காளி பிசைந்தது, மிளகும் சீரகமும் பொடித்தது, பெருங்காயம் தாராளமாகப் போட்டது. டாக்டரின் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பெருங்காயம் என்ற இடத்தில் மட்டும் அது நின்றது. கடையில் விற்கும் பெருங்காயம் முழுக்கப் பெருங்காயம் இல்லை. பெரும்பாலும் மாவு கலந்ததுதான், அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை மாவு என்று டாக்டர் சொன்னார். மாமி ரசத்தில் போட்டார், மோரில் போட்டார், கூட்டில் போட்டார். தினமும் மூன்று வேளை கோதுமை உள்ளே போய்க்கொண்டிருந்தது.

மாமிக்கு வந்தது கோபம். பெருங்காயம் இல்லாத ரசத்தைச் சாப்பிடுவதற்கு வயிற்றுவலியே மேல் என்று எழுந்துவிட்டார். நான் ஒரு வாரம் அலைந்து, மாவு கலக்காத பிசினாகவே ஒரு பெருங்காயத்தைத் தேடிப் பிடித்துக் கொடுத்தேன். அதன் வாசனை எங்கள் அறையை விட்டுப் போகப் பல நாள் ஆயிற்று. மாமிக்குக் குணமாகிவிட்டது.

இதற்கு நேர்மாறானவர்களும் வருவார்கள். வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு பையன், தனக்குக் குளூட்டன் ஒத்துக்கொள்ளாது என்று போனில் படித்துத் தானே முடிவுகட்டிக்கொண்டு வந்தான். கோதுமையை விட்டுப் பல மாதமாகியும் வயிறு உப்பிக்கொண்டே இருந்தது. டாக்டர் கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது, பையன் நாள் முழுக்கப் பால் குடித்துக்கொண்டிருக்கிறான் என்று. உடற்பயிற்சிக்குப் பிறகு பால், ஆபீசில் காபி, படுக்கும் முன் பால். பாலை நிறுத்தியதும் சரியாகிவிட்டது. அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. "அப்போ எனக்குக் குளூட்டன் பிரச்சினை இல்லையா சார்?" என்று, வந்த பிரமோஷன் கைநழுவிய மாதிரிக் கேட்டான்.

இவர்களையெல்லாம் பார்த்த பிறகு எனக்கு ஒரு தெம்பு வந்திருந்தது. எந்தச் சமையலறையில் எந்த மூலையில் கோதுமை ஒளிந்திருந்தாலும் பிடித்துவிடுவேன் என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தோணியம்மா தன் மகள் ரோஸ்லினைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்தோணியம்மா சாந்தோம் கடற்கரைக் குப்பத்தில் மீன் விற்பவர். வலதுகையில் மோதிரம், தலையில் பூ, குரல் ஓ.பி. வரிசையின் கடைசி வரைக்கும் கேட்கும். ரோஸ்லின் கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டுப் போலீஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த பெண். எழுத்துத் தேர்வில் ஒருமுறை தேறி, ஓட்டத்தில் விழுந்துவிட்டாள். தோற்றுப்போனதைச் சொல்லவில்லை, நிஜமாகவே ஓடும்போது மைதானத்தில் மயங்கி விழுந்தாள். ரத்தம் குறைவு. இரும்புச் சத்து மாத்திரை எத்தனை போட்டும் ஏறவில்லை. வாய் முழுக்கப் புண், அடிக்கடி வயிற்றுப்போக்கு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வு. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்த அந்த உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்தது.

"இன்னா துன்னாலும் ஒடம்புல ஒட்ட மாட்டுது மேடம். வஞ்சரம் துன்னுது, எறா துன்னுது, எங்க போவுதுன்னே தெரில. அடுத்த செலெக்‌ஷனுக்குள்ள இவள நிக்க வெச்சுடணும்" என்றார் அந்தோணியம்மா.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். ரோஸ்லின் சொல்லத் தொடங்கினாள். விடிவதற்கு முன் மணலில் ஓட்டம். ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் தெம்புக்காகத் தினமும் கோதுமைச் சத்துமாவுக் கஞ்சி குடிக்கச் சொல்லியிருந்தார், ராத்திரியில் சப்பாத்தி. மயங்கி விழுந்த பிறகு சப்பாத்தியைக் கூட்டினார். உடம்பு இன்னும் இளைத்ததும் காலையில் பன்னும் சேர்ந்தது. பிறகு கூட ஓடும் ஒரு பெண் போனில் ஏதோ வீடியோ காட்ட, இரண்டு மாதத்துக்கு முன் கோதுமை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்திவிட்டாள். இப்போது கொஞ்சம் தேவலை என்றாள்.

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். ரத்தப் பரிசோதனை எழுதினார். வந்த முடிவு, நோய் இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் பயந்தபடிதான் நடந்திருந்தது. இந்தப் பரிசோதனை, கோதுமையோடு உடம்பு போடும் சண்டையின் அடையாளத்தைத் தேடுகிற பரிசோதனை. கோதுமையை நிறுத்திவிட்டால் சண்டை அடங்கும், அடையாளமும் மறையும். ஜூனியர் பெண்களே, இதை மட்டும் மறக்காதீர்கள்: சந்தேகம் என்று வந்தால் முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். முறை மாறினால் உண்மை தெரியாது. ஆயுள் முழுக்க இருக்க வேண்டிய பத்தியத்தை ஒரு வீடியோவை நம்பித் தொடங்கக் கூடாது.

"திருடன் வீட்டுக்குள்ள இருக்கறச்சேதான் பிடிக்க முடியும்மா. நீ கதவைத் திறந்து அனுப்பிட்டே. இப்போ திரும்பக் கூப்பிடணும்" என்றார் டாக்டர். போலீஸ் வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் புரியும்படிதான் சொன்னார். ரோஸ்லினுக்குப் புரிந்தது, பிடிக்கவில்லை. சில வாரங்கள் மறுபடியும் பன் சாப்பிட வேண்டும், நோயைத் தானே வரவழைத்துக்கொள்ள வேண்டும் என்றால் யாருக்குப் பிடிக்கும்? தேர்வு வேறு எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பார்கள். "முடியாது சார்" என்று எழுந்து நின்றாள். கண்ணில் தண்ணீர்.

அந்தோணியம்மா அவள் துப்பட்டாவைப் பிடித்து உட்கார வைத்தார். "நீ துன்ற வரைக்கும் நானும் துன்றேன். வா" என்றார்.

சொன்னபடியே செய்தார். குப்பத்து டீக்கடையில் தினமும் தாயும் மகளும் ஆளுக்கொரு பன். மகள் அழுதுகொண்டே தின்றாள், தாய் டீயில் தோய்த்துத் தின்றார். மகள் மறுபடி இளைத்தாள், தாய் நன்றாகப் பூரித்தார். நடுவில் ஒருநாள் எனக்குப் போன் செய்து, பன்னுக்குள் வெண்ணெய் தடவிக்கொள்ளலாமா என்று தாய்தான் கேட்டார்.

இந்த முறை ரத்தத்தில் அடையாளம் பளிச்சென்று தெரிந்தது. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலைப் பார்த்து, அதிலிருந்து கடுகளவு சதை எடுத்துச் சோதித்தார்கள். டாக்டர் இரண்டு படங்களை அருகருகே வைத்துக் காட்டினார். ஒன்று நல்ல குடல், உள்சுவர் புது வெல்வெட் துணி மாதிரி பொசுபொசுவென்று இருந்தது. இன்னொன்று ரோஸ்லினுடையது. தேய்ந்து வழுக்கையாகிக் கிடந்தது. தின்ற வஞ்சரத்தை உறிஞ்ச அங்கே ஒன்றுமில்லை. இது ஆயுள் முழுக்க இருக்கும் நோய், ஆனால் கோதுமையை விட்டால் வெல்வெட் தானாக வளரும் என்றார். நோய் இருக்கிறது என்று கேட்டு இத்தனை சந்தோஷப்பட்ட குடும்பத்தை நான் பார்த்ததில்லை. அந்தோணியம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று முழுக்க என் புடவையில் மீன் வாசனை.

அதற்குப் பிறகு என் வேலை. கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி கலந்த பானம், சோயா சாஸ் எல்லாம் போயின. இட்லி, தோசை, சோறு, கேழ்வரகு, கம்பு, மீன், முட்டை எல்லாம் இருந்தன. இந்த நோய் வருவதென்றால் தமிழ்நாட்டில்தான் வரவேண்டும் என்று நான் சொல்வது வழக்கம். மற்ற ஊர்க்காரர்கள் ரொட்டிக்கு ஏங்குவார்கள், நாம் இட்லியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். மாஸ்டரையும் நேரில் பார்த்துச் சொன்னேன். நல்ல மனிதர். தன் சத்துமாவுதான் எதிரி என்று தெரிந்ததும் அதை நிறுத்திவிட்டார். அடுத்த நாளிலிருந்து அவளுக்குக் கேழ்வரகுக் கூழ்.

ரோஸ்லின் தேறினாள். வயிற்றுப்போக்கு நின்றது, எடை ஏறியது. பிறகு ஏறியது அப்படியே நின்றுவிட்டது. வாய்ப்புண் போன வேகத்தில் திரும்பி வந்தது. ரத்தம் பாதி வழியில் மாட்டிக்கொண்டது. மாதங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில், சண்டையின் அடையாளம் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவே இல்லை. எங்கிருந்தோ கோதுமை போய்க்கொண்டிருக்கிறது. அந்தச் சமயம் பார்த்துத் தேர்வு அறிவிப்பும் வந்துவிட்டது.

டாக்டர் மறுபடி பேனாவை மூடினார். காலையில் இரண்டு முட்டை, கூழ், மதியம் சோறு, சங்கரா மீன் குழம்பு, ராத்திரி தோசை. குற்றம் சொல்ல இடமே இல்லை. அந்தப் பெண் பொய் சொல்கிறாளோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். டாக்டர் நினைக்கவில்லை. "அவ சொல்றது அத்தனையும் நிஜம். ஏதோ ஒண்ணை அவளுக்குச் சொல்லணும்னே தோணலை" என்றார்.

ஒரு மத்தியானம் கிளம்பி அவர்கள் வீட்டுக்கே போனேன். அந்தோணியம்மாவின் சமையலறை ஆஸ்பத்திரிச் சமையலறையைவிடச் சுத்தமாக இருந்தது. மகளுக்கென்று தனித் தோசைக்கல், தனி எண்ணெய்ச்சட்டி. பெருங்காயம் அந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை. மீன் வறுக்க அரிசிமாவு. அரிசிமாவு எங்கே அரைத்தது என்று கேட்டேன். தெருமுனை மில்லில். அங்கே போய்ப் பார்த்தால் எனக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தார், அடுத்தது அதே இயந்திரத்தில் அரிசி. பிடித்துவிட்டேன் என்று துள்ளினேன். மில்லுக்காரர் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் கைகூப்பினார். அன்றிலிருந்து அரிசியை ஊறவைத்து வீட்டிலேயே அரைத்தார்கள். வாய்ப்புண் போகவில்லை. என் தெம்பெல்லாம் இறங்கிவிட்டது.

அந்த வாரம் என் மகனுக்குப் பிறந்தநாள். அவன் பெயரில் எங்கள் சர்ச்சில் பூசை கேட்டிருந்தேன். நான் எப்போதும் ஞாயிறு மாலைப் பூசைக்குப் போகிறவள். அன்று வாரநாள் என்பதால் விடியற்காலைப் பூசைக்குப் போனேன். பூசையில் ஃபாதர் கொடுக்கும் நற்கருணை அப்பத்தை நாங்கள் நன்மை என்போம்; அதை வாங்க வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு ஆள் முன்னால் முக்காடு போட்டுக்கொண்டு ரோஸ்லின் நின்றாள். ஓட்டத்தை முடித்துவிட்டு நேராக வந்திருக்கிறாள், கணுக்காலில் மணல். அவள் முறை வந்தது. நாக்கை நீட்டினாள். ஃபாதர் காசளவு மெல்லிய வெள்ளை அப்பத்தை நாக்கில் வைத்தார்.

நான் குழந்தையிலிருந்து வாங்கிய நன்மைதான். கோதுமை மாவில் செய்தது என்பதும் சின்ன வயசிலேயே தெரிந்ததுதான். பூசையில் அது சாமியின் உடலாகவே ஆகிவிடுகிறது என்பது எங்கள் நம்பிக்கை; அது வயிற்றுக்குள் போகும் ஒரு பண்டம் என்று மட்டும் ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அவளுக்கும் தோன்றியிருக்காது. போலீஸ் வேலை கிடைக்க வேண்டும் என்று தினமும் பூசைக்கு வந்து, தினமும் நன்மை வாங்கி, தினமும் ஒரு துண்டு கோதுமையை விழுங்கிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வரிசையில் என் முறை வந்தபோது வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினேன். ஃபாதர் நான் அழுவதாக நினைத்து, பரிவோடு தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

அன்று ஓ.பி. தொடங்கும் முன்பே டாக்டர் அறைக்குள் ஓடினேன். அவர் ஐயங்கார். எனக்கு அவரிடம் முதலில் இருந்து சொல்ல வேண்டியிருந்தது. எவ்வளவு தடிமன், கோதுமை மாவு மட்டும்தானா, தினமும் உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவ்வளவு சின்னத் துண்டு ஒருவேளைக்கு ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், தினமும் என்றால் ஆறுகிற குடலைக் கிளறிக்கொண்டேதான் இருக்கும் என்றார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், வெளியே உட்கார்ந்திருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தாள். "நான் 'என்ன சாப்ட்டேள்'னு கேட்டிருக்கேன். அவ சாப்ட்டதைச் சொல்லியிருக்கா. சாமியை யாராவது சாப்ட்டேன்னு சொல்லுவாளா?" என்றார். அன்றிலிருந்து அவர் கேள்வி மாறியது. வாயில் பட்டதெல்லாம் சொல்லுங்கோ என்பார்.

சிரிப்பு அடங்கியதும் ஒன்று சொன்னார். இதை அவர் போய் அந்தக் குடும்பத்திடம் சொல்ல முடியாது, நான் சொன்னாலும் எடுபடாது, ஃபாதர்தான் சொல்ல வேண்டும். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஃபாதருடைய அறையில் வைத்து நான் விஷயத்தை ஆரம்பித்ததுமே அந்தோணியம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

"இன்னா மேடம், சாமில போய் கோதும கீதுன்னு சொல்ற?"

ரோஸ்லின் தலையைக் குனிந்துகொண்டாள். நன்மையை நிறுத்தினால் வேலையும் கிடைக்காமல் போய்விடும் என்ற பயம் அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. நான் தயங்கித் தயங்கி அரிசி மாவில் அப்பம் செய்யக் கூடாதா என்று கேட்டேன். கோதுமையில்தான் செய்ய வேண்டும் என்பது திருச்சபையின் சட்டம், அதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்றார் ஃபாதர். அந்தோணியம்மா அழத் தொடங்கினார்.

"அழாதீங்கம்மா" என்றார் ஃபாதர். "சாமி வந்த பிறகும் கோதுமையோட குணம் போறதில்ல. அது சாமிக்கும் தெரியும். அப்பத்துக்குப் பதிலா திராட்சை ரசத்தை மட்டும் வாங்கினாலும் அது முழு நன்மைதான். ஒண்ணும் குறையாது."

பூசையில் திராட்சை ரசத்தை, அதாவது ஒயினை, ஒரு கிண்ணத்தில் வைத்து அர்ச்சித்துப் புனிதமாக்குவார்கள். சாதாரணமாக அதைப் பூசை வைக்கும் ஃபாதர் மட்டும் அருந்துவார். அதில் அவர் அப்பத்தின் சிறு துண்டு ஒன்றைப் போடுவதும் வழக்கம். அந்தக் கிண்ணம் ஆகாது என்று நான் சொல்வதற்குள் ஃபாதரே சொல்லிவிட்டார், ரோஸ்லினுக்கென்று ஒரு சின்னக் கிண்ணம் தனியாக வைக்கலாம் என்று. அந்தோணியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த கவலைக்கு வந்தார். வயசுப் பெண் தினமும் கிண்ணத்தில் வாங்கிக் குடித்தால் குப்பத்தில் என்ன பேசுவார்கள்?

அதனால் ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே விளக்கிச் சொன்னார். கோதுமை ஒத்துக்கொள்ளாத நோய் என்று ஒன்று உண்டு, அப்படிப்பட்டவர்கள் ரசமாகவே நன்மை வாங்கலாம் என்றார். அடுத்த வாரத்துக்குள் குப்பத்து ஆண்கள் சிலர் வயிற்றைத் தடவிக்கொண்டு தனித்தனியே அவரைப் பார்க்க வந்தார்களாம், தங்களுக்கும் கோதுமை ஒத்துக்கொள்வதில்லை என்று. எல்லாரையும் பரிசோதனைக்கு என்னிடம் அனுப்பி வைப்பதாக ஃபாதர் சொன்னதும் குணமாகிவிட்டது.

ரோஸ்லினின் வாய்ப்புண் ஆறியது. இந்த முறை திரும்பி வரவில்லை. முடி உதிர்வது நின்றது, நின்றுபோயிருந்த மாதவிலக்கு வந்தது, ரத்தம் ஏறத் தொடங்கியது. குழாய்ப் பரிசோதனைப் படத்தில் வெல்வெட் முளைத்தது பிற்பாடுதான் தெரிந்தது. அதற்கு முன்பே மணலில் தெரிந்துவிட்டது. நடைப்பயிற்சிக்குக் கடற்கரைக்குப் போகும் டாக்டர் ஒருநாள் மூச்சிரைக்க வந்து, ரோஸ்லின் தன்னைத் தாண்டி ஓடியதாகவும், வணக்கம் சொல்லத் திரும்பியவள் அவர் கை தூக்குவதற்குள் தூரத்தில் புள்ளியாகிவிட்டதாகவும் சொன்னார். அவர் முகத்தில் ஒரு சின்னப் பையனின் பெருமை.

எழுத்துத் தேர்வில் மறுபடி தேறினாள். ஓட்டத் தேர்வு நடந்த அன்று எனக்கு வேலை ஓடவில்லை. உப்பு குறைவாகச் சாப்பிட வேண்டியவருக்கு ஊறுகாய் சாப்பிடலாம் என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மதியம் தாண்டிப் போன் வந்தது. எடுத்தால் வெறும் சத்தம். காற்று, கூட்டம், விசில், நடுவே அந்தோணியம்மாவின் அழுகை. பின்னால் ரோஸ்லினின் குரல் கேட்டது: "ஓடிட்டேன் மேடம். விழல." நீளம் தாண்டுதலிலும் பந்து எறிதலிலும் தேறியதை அவள் சொல்லவே மறந்துவிட்டாள்.

வேலை உறுதியான ஆணை வந்த அன்று காலை எங்கள் ஓ.பி. நிறையக் கூட்டம். டாக்டர் அறையின் கதவு திறந்தது. முன்னால் அந்தோணியம்மா, பின்னால் ரோஸ்லின். அந்தோணியம்மாவின் இரண்டு கையிலும் வாழையிலையில் சுற்றிய ஒரு வஞ்சரம். முழு மீன். விடியற்காலையில் வந்த வலையிலிருந்து நேராக எடுத்து வந்தது. இலைக்கு வெளியே தலையும் வாலும் வெள்ளியாக மின்னின. எனக்குத்தான் கொண்டுவருகிறார் என்று கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், பிறந்ததிலிருந்து முட்டையைக்கூடத் தொடாத டாக்டர் சேஷாத்ரியின் கையில் அதை வைத்துவிட்டார்.

டாக்டர் மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. பிறந்த குழந்தையை வாங்குவது மாதிரி இரண்டு கையாலும் ஏந்தி, தலைக்கு ஒரு கையைக் கொடுத்துக்கொண்டார்.

"நன்னா சாப்ட்டு வளர்ந்திருக்கு" என்றார்.

"எம் பொண்ணும் இனிமே வளரும் சார்" என்றார் அந்தோணியம்மா.

அதைக் கீழே வைக்க டாக்டருக்கு மனம் வரவில்லை. வைத்தால் அந்தோணியம்மா வருத்தப்படுவார் என்று நினைத்தாரோ என்னவோ. கொண்டுபோய் என் ஸ்கூட்டரில் வைக்கத் தானே கிளம்பிவிட்டார். வெள்ளைக் கோட்டில் தண்ணீர் சொட்ட, மீனை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் வெளியே வந்ததும் காத்திருந்த நோயாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள். வழி அடைத்துக்கொண்டது. அப்போது ரோஸ்லின் முன்னால் போனாள். நெஞ்சை நிமிர்த்தி, இரண்டு கையையும் விரித்து, கூட்டத்தை இரு பக்கமும் ஒதுக்கினாள்.

"வழி விடுங்க. கொஞ்சம் ஓரமா நில்லுங்க. டாக்டர் வராரு."

சொன்ன குரல் அம்மாவின் குரல்தான். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது, எல்லாரும் ஒதுங்கினார்கள்.